கண்டிச் சரக்குப் பாதை

கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை ஆட்களுக்காகத் திட்டமிடப்பட்டதல்ல. மலைத்தோட்டத்துக் கோப்பியைத் துறைமுகத்தில் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். பயணிகள் அதில் தொற்றிக்கொண்டவர்கள்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே போட்ட சாலையில்தான் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் இறங்கின. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசி, அதே வண்டிகளில் தோட்டத் தமிழ்த் தொழிலாளருக்காக மேலேறியது. மழைக்காலத்தில் சேற்றில் வண்டிகள் புதையும், மாடுகள் நோயில் சாகும், மூட்டை நனைந்து கெடும். நட்டக் கணக்குப் பார்த்த துரைமார் புகையிரதம் கேட்டார்கள். 1845இல் லண்டனில் ஒரு கம்பனி உருவானது. 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓடவே கம்பனி கலைந்தது. வேலை அரசின் தலையில் விழுந்தது. கோப்பி ஏற்றுமதிக்கு விதித்த வரியும் இந்தப் பணிக்கு உதவியது. தன் பயணச் செலவைக் கோப்பியே முன்கூட்டிக் கட்டியது என்றும் சொல்லலாம்.

பணியின் கடினமெல்லாம் ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் நடுவே இருந்தது. ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில் சுமார் 1,400 அடி ஏற வேண்டும். 45 அடிக்கு ஓரடி உயர்வு. கனமான வண்டித்தொடர் மேலேறப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் தேவைப்பட்டது. ஆனால் கோப்பி போனதோ இறக்கத்தில். பெரும்பாரம் கீழ்நோக்கி, அரிசியும் உரமும் மேல்நோக்கி என்பதே அன்றைய ஓட்டம்.

1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே ஆண்டில் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலைகளில் துரு நோய் தெரிந்தது. ஆனாலும் 1870இல் ஏற்றுமதி 10 லட்சம் அந்தரை எட்டியதால் எச்சரிக்கை எடுபடவில்லை. 1880களில் கோப்பி சரிந்தது.

பாதை தப்பியது தேயிலையால்தான். 1873இல் வெறும் 23 இறாத்தலாக லண்டன் சென்ற சரக்கு, சில பத்தாண்டுகளில் பெட்டி பெட்டியாக இறங்கியது. தோட்டங்களைத் தேடித் தண்டவாளமும் நீண்டது: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை.

பதுளையை எட்டிய காலத்திலேயே லொறி போட்டிக்கு வந்துவிட்டது. தோட்டத் தொழிற்சாலை வாசலில் ஏற்றிய தேயிலையைக் கொழும்புக் களஞ்சியத்தில் இறக்க லொறிக்கு ஒரே ஏற்றிறக்கம் போதும். ரயிலுக்கோ நிலையம்வரை ஒரு வண்டி, நிலையத்திலிருந்து இன்னொரு வண்டி. இன்று இலங்கையின் சரக்கில் மிகச் சிறு பங்கே தண்டவாளத்தில் போகிறது. மலைநாட்டுப் பாதையில் தேயிலைக்குப் பின் நிலைத்த சரக்கு எரிபொருள்: பேராதனை, கொட்டகலைக் களஞ்சியங்களுக்குத் தாங்கி வண்டிகளில் ஏறிய டீசலில் ஒரு பகுதி, அந்தத் தேயிலை லொறிகளுக்கே போனது.