யாழ்ப்பாணக் குடாநாட்டில் நோயாளர் பராமரிப்பும் மருத்துவ ஆய்வும்

இலங்கையின் வடமுனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேலை மருத்துவம் இரு நூற்றாண்டுகளாக நடைபெற்று வருகிறது. நோயாளரிடம் கண்டதைக் குறித்து வைத்து, எண்ணி, ஒப்பிட்டு, எந்தச் சிகிச்சை பயன் தருகிறது என்று தேர்ந்து காணும் ஆய்வு முறையாக வேரூன்றியது 1978இல் மருத்துவபீடம் தொடங்கிய பின்னரே. தொடங்கிய ஐந்தாண்டுக்குள் உள்நாட்டுப் போர் வந்தது. அதனால் இங்கே வளர்ந்தது பெரும்பாலும் அவதானிப்பு ஆய்வு. குடாநாட்டு மக்களைப் பீடித்த கேடுகளுக்கான மருந்துச் சோதனைகளோ அநுராதபுரத்திலும் கொழும்பிலும் நடந்தன.

மேலை மருத்துவம் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் செய்யுளில் வழங்கின. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா தேடித் தொகுத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றினார். ஊர்தோறும் பரியாரிமார் எனப்படும் நாட்டு வைத்தியர்கள் இருந்தனர். விஷகடிக்கு ஒருவர், முறிவு நெரிவுக்கு ஒருவர் என்று தொழில் குடும்பவழியாகப் பிரிந்திருந்தது. குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் அவர்களிடமும் இருந்தது. ஆனால் அந்த ஏடு வீட்டை விட்டு வெளியே போகாது.

மிஷன் காலம்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரியாக அவரைச் சொல்வது வழக்கம். 1836இல் அவர் சென்னைக்குப் போய்விட்டார். இடையில் வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் பணிபுரிந்தார். ஆனால் குடாநாட்டின் மருத்துவ வரலாற்றில் பெயர் நின்றது 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு.

மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரரில் 1822இல் பிறந்த கிறீன், மானிப்பாயில் நிலைகொண்டு 1848 முதல் மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல். மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு மூத்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. படித்து முடித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் போய்விட, கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. இதைக் கண்ட கிறீன், 1862இல் இரண்டாம் முறை வந்த பிறகு வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அறுபதுக்கும் மேற்பட்டோரை அவர் பயிற்றுவித்தார்.

அந்த மாற்றத்துக்கு நூல்கள் வேண்டியிருந்தன. மாணவரின் துணையோடு அவரே மொழிபெயர்த்தார், மேற்பார்வையும் செய்தார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் வேலை நிற்கவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் சொல்லிவைத்திருந்தார், அப்படியே பொறிக்கப்பட்டது. கிறீனை ஆய்வாளர் என்று புகழ்வது மிகை. அவர் ஆசிரியர். புதிய சிகிச்சை எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே கேட்டு, பதில் வாங்கி, அந்த மொழியிலேயே எழுதக்கூடிய வைத்தியர்களை உருவாக்கினார். நோயாளியின் மொழி தெரியாமல் நோய் வரலாறு எடுப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்த்தால் அது சிறிய காரியமல்ல என்று விளங்கும்.

யாழ்ப்பாண நகரில் 1850இல், வடமாகாண அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் பிரண்ட் இன் நீட் என்ற தொண்டுச் சங்கத்தின் ஆஸ்பத்திரி உருவாயிற்று. நன்கொடையில் நடந்த அந்த இடத்தை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அதுவே மக்கள் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை. பெண்களுக்கென இணுவிலில் 1898இல் மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. மானிப்பாயில் கிறீன் நினைவு வைத்தியசாலை நிலைத்தது. 1930களில் மூளாயில் ஊர்மக்களே பங்கு சேர்த்துக் கூட்டுறவு வைத்தியசாலை அமைத்தார்கள். இவை எல்லாம் சிகிச்சை நிலையங்கள். ஆய்வுக்கு ஆளும் நேரமும் இருக்கவில்லை.

மருத்துவபீடம்

கொழும்பு, பேராதனை மருத்துவபீடங்களுக்குப் பிறகு, 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. முதல் வகுப்புகள் கைதடியில், ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் நடந்தன. முதல் பீடாதிபதி பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர். பின்னர் பீடம் திருநெல்வேலிக்கு வந்தது. பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலையாயிற்று. கைதடியில் 1984 முதல் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு இயங்கியது.

பேராசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஆனால் ஆய்வைத் தூண்டியது அது மட்டுமன்று. வாட்டில் ஒரே வகை நோயாளர் திரும்பத் திரும்ப வந்து சேரும்போது, எண்ணத் தொடங்காமல் இருக்க முடியாது.

அலரியும் பாம்பும்

1980களில் மஞ்சள் அலரி நஞ்சு உடலில் ஏறியவர்கள் குடாநாட்டு வைத்தியசாலைகளில் கூடிக்கொண்டே போனார்கள். பெரும்பாலானவை தற்கொலை முயற்சிகள், இளவயதினரே அதிகம். இந்த நஞ்சு இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைக்கிறது. இதயநோய் மருந்தான டிஜொக்சின் மிகையானால் நேர்வதைப் போன்றது. சட்டமருத்துவப் பேராசிரியர் ந. சரவணபவானந்தனும் ஜெ. கணேசமூர்த்தியும் இத்தகைய 170 பேரின் விவரங்களைத் தொகுத்து 1988இல் சர்வதேச சட்டமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். போர் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து போன கட்டுரை அது. பின்னாளில் இந்த நஞ்சைப் பற்றி எழுதியவர்கள் மீண்டும் மீண்டும் அதைச் சுட்டினார்கள்.

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, எதைக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்பது. அதற்கு நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறுபகுதியினருக்கு வழமையான பராமரிப்பும் கொடுத்து ஒப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வேண்டும், தடையற்ற மருந்து வழங்கல் வேண்டும், நள்ளிரவிலும் பதிவு செய்ய ஆள் வேண்டும். முற்றுகைக்குள் இருந்த ஊரில் இவற்றில் ஒன்றும் கிடையாது. சோதனை வேறிடத்தில் நடந்தது. டிஜொக்சினுக்கு எதிரான பிறபொருளெதிரித் துண்டுகள் இதயத் துடிப்பைச் சீராக்குகின்றன என்று மைக்கேல் எடில்ஸ்டனும் கூட்டாளிகளும் 66 நோயாளரில் நிறுவி 2000இல் வெளியிட்டனர். மருந்து வேலை செய்தது, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. நாட்டுக்கு அது வருவது நின்றபோது இறப்பு ஏறியதையும் அதே ஆய்வாளர் குழு பதிவு செய்தது.

மலிவான வழியாகக் கரித்தூள் கவனத்துக்கு வந்தது. குடலில் நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் அந்தக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைகிறது என்று அநுராதபுரத்தில் 401 பேரிடம் செய்த சோதனை 2003இல் காட்டியது. ஐந்தாண்டு கழித்து, பூச்சிமருந்து உட்பட எல்லா நஞ்சுகளையும் சேர்த்து 4632 பேரிடம் செய்த இன்னொரு சோதனை கரியால் பயன் எதையும் காணவில்லை. இரண்டும் ஒரே புகழ்பெற்ற லான்செற் இதழில் வந்தவை. எதை நம்புவது? பின்னதில் ஆட்கள் அதிகம், நஞ்சு வகைகளும் அதிகம். முன்னதில் அலரி மட்டுமே, பராமரிப்பும் சற்று வேறு. வாட்டில் நிற்கும் வைத்தியர் இந்தக் குழப்பத்தோடேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ‘ஆய்வு சொல்லிவிட்டது’ என்று பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

பாம்புக்கடியில் யாழ்ப்பாணத்தின் பங்கு நேரடியானது. இலங்கையில் சுருட்டை விரியன் வடக்கின் மணற்பாங்கான உலர்ந்த நிலத்தில்தான் மிகுதி. இந்தியாவில் ஆட்கொல்லி என்று பெயரெடுத்த இனம் இது. பேராதனையின் எஸ். ஏ. எம். குலரத்னவும் யாழ். போதனா வைத்தியசாலை மருத்துவர் எஸ். சிவன்சுதனும் சேர்ந்து 2011இலும், அ. ஞானதாசனும் மற்றவர்களும் 2012இலும் வெளியிட்ட ஆய்வுகள், கடித்த பாம்பே கொண்டுவரப்பட்டு அடையாளம் காணப்பட்ட நோயாளர்களை ஆராய்ந்தன. இங்கத்தைய சுருட்டையின் கடி ஒப்பீட்டளவில் மென்மையானது என்பது தெரிந்தது. இரத்தம் உறைவது கெடுகிறது. உயிர் போவது அரிது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. இலங்கையில் கொடுக்கும் நச்சுமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சிலிருந்து இந்தியாவில் தயாராவது. அதை ஏற்றினால் பெரும்பாலான நோயாளருக்கு ஒவ்வாமை எழுகிறது. சிலருக்குக் கடியைவிட மருந்தே ஆபத்து. 1007 பேரிடம் இலங்கையில் நடத்தி 2011இல் வெளியான சோதனை, மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்றும், வழக்கமாகப் போட்டுவந்த மற்ற இரண்டு மருந்துகளால் அந்தப் பயன் இல்லை என்றும் காட்டியது. எல்லாக் கடிக்கும் நச்சுமுறி ஏற்றிவிடாமல் எந்தப் பாம்பு, எவ்வளவு நஞ்சு என்று பார்த்து நிறுத்திக்கொள்ளும் துணிவு இத்தகைய உள்ளூர்க் கணக்கிலிருந்துதான் வரும்.

போரும் உளநலமும்

1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளன்று, அமைதி காக்கவென வந்திருந்த இந்தியப் படையினர் யாழ். பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளர், வைத்தியர், தாதியர் என ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பெரியாஸ்பத்திரியைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் முழுவதும் தென்மராட்சிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். ஆய்வேடுகளும் நோயாளர் பதிவுகளும் இந்த ஓட்டத்தில் தப்புவது தற்செயல்தான்.

இந்தச் சூழலிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து உலகம் கவனித்த ஆய்வு பிறந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் பொதுமக்களிடையே எழுமாறாகத் தெரிந்தெடுத்தவர்களை ஆராய்ந்து, 1994இல் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் வெளியிட்டனர். போரின் நெருக்கீடு எதையும் அனுபவிக்காதவர் 6 சதவீதமே. 64 சதவீதத்தினரிடம் உளப் பாதிப்பு இருந்தது; 41 சதவீதத்தினரிடம் அது உடல் நோவாக வெளிப்பட்டது. தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உழைவு என்று வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நின்றவர்களில் பலரின் நோய் எங்கே இருந்தது என்பதற்கு இது விடை. சோமசுந்தரத்தின் ‘மனவடு’ தமிழிலும், 1998இல் அவருடைய ஆங்கில நூலும் வந்தன.

அவர் சிகிச்சையையும் ஊர் வழக்கிலிருந்தே எடுத்தார். பதற்றத்துக்குத் தளர்வுப் பயிற்சியாக சைவருக்கு ஓங்கார உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைநாமம் ஓதும் திக்ர் என்று அவரவர் அறிந்த ஒன்றையே பயன்படுத்தினார். இதைப் பழமைவாதம் என்று தள்ளியவர்களும் உண்டு. ஆனால் சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடையே, துயர நினைவை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும் தியானத் தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்ட சோதனை 2009இல் வெளியானபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரேயளவு பயன் தந்தன. சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே.

2012இல் வெளியான இன்னொரு சோதனை அத்தனை இனிப்பானதல்ல. வடக்கில் 399 பிள்ளைகளிடையே பாடசாலை வழியாக நடத்திய உளநலத் திட்டம் நடத்தைக் குறைபாடுகளைக் குறைத்தது. பெண்பிள்ளைகளின் அதிர்ச்சிக் குறிகளிலோ, திட்டத்தில் சேர்ந்தவர்களைவிடச் சேராதவர்களே அதிகம் தேறினார்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியையும் சோதித்தே ஆகவேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது. 

போர் முடிந்த 2009இன் நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தின் 1500க்கும் மேற்பட்ட வீடுகளைத் தெரிந்தெடுத்து நடத்திய ஆய்வு, 32.6 சதவீதத்தினரிடம் பதகளிப்பும் 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வும் 7 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீட்டு நோயும் கண்டது. 1994இன் கணக்கோடு இதை அப்படியே ஒப்பிடலாகாது. அளவுகோல் வேறு, ஆட்கள் வேறு.

அண்மைக்காலம்

போர் முடிந்து வழிகள் திறந்தபின் ஆய்வின் வேகம் கூடியது. கடலேரி ஓரத்து உவர்நீரிலும் டெங்கு நுளம்பு பெருகும் என்று சி. நோ. சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் 2011இல் காட்டினர். நன்னீரை மட்டும் குறிவைத்த நுளம்பொழிப்பு போதாது என்பது இதன் பொருள். தெல்லிப்பழையில், தீவின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 2020இல் கொவிட் பரிசோதனை மருத்துவபீட ஆய்வுகூடத்தில் நடந்தது. யாழ். மருத்துவ சங்கம் தன் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது. மருத்துவபீடத்தின் நெறிமுறைக் குழு ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கிறது.

வெளியாகும் கட்டுரைகளில் பெருந்தொகையானவை இன்றும் ஒருமுறை எடுத்த கணக்குகள்: எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேர் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறார்கள் என்ற வகை. அவை தேவையே. ஆனால் சிகிச்சையைச் சிகிச்சையோடு ஒப்பிடும் சோதனைகளைக் குடாநாட்டிலேயே நடத்தாததற்கு முற்றுகையை இனிக் காரணம் சொல்ல முடியாது. அதற்கு முதல் தேவை பெட்ஹெட் டிக்கெட் எனப்படும் நோயாளர் பதிவேடு ஒழுங்காக எழுதப்படுவதும், அதை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தும் பதிவறையும், ஆய்வில் சேரச் சம்மதமா என்று நோயாளியிடம் அவருக்கு விளங்கும் தமிழில் கேட்பதும்தான். இவற்றுக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகமும் உடனே செய்யவேண்டிய வேலை.