எஞ்சின் சூடேறுதல்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் இந்த வறண்ட பகுதியில் கார் எஞ்சின் கொதித்தால் பழி முதலில் வெயில்மேல்தான் விழும். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. ஓடும் எஞ்சினில் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது அதற்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்று 30 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினால் வேறுபாடு 60இலிருந்து 50 ஆகும். ஆறில் ஒரு பங்கு இழப்பு. பழுதில்லாத வண்டி அதைத் தாங்கிவிடும். பெரும்பாலும் தேட வேண்டிய குற்றவாளி ரேடியேட்டருக்குள் ஊற்றிய தண்ணீர். குண்டாற்றில் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் இந்நிலத்தில் கைக்கு எட்டுவது போர் தண்ணீர். பல ஊர்களில் அது உப்பு நீர். சூடேறும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, வெந்நீர்ப் பானையின் அடியில் காணும் அதே வெள்ளைப் பொருக்காக ரேடியேட்டரின் அலுமினியக் குழாய்களில் படிகிறது. அலுமினியத்தின் வெப்பக்கடத்தலில் நூற்றில் ஒரு பங்கு அளவே அதற்கு உண்டு. குளோரைடோ அலுமினியத்தை அரித்துத் துளையிடும். கசிந்ததை ஈடுகட்ட மறுபடி அதே தண்ணீர், மறுபடி புது உப்பு.

அம்பாசடர் காலத்தில் கிணற்று நீரில்தானே வண்டிகள் ஓடின என்பார்கள். ஓடின. அவற்றின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அடைத்தால் தொட்டியின் பற்றவைப்பைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். இன்றைய குறுகிய அலுமினியக் குழாய்க்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் அந்த வைத்தியம் செல்லாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு தணிகிறதே என்பது இன்னொரு வாதம். அது திறக்காமல் சிக்கியிருந்தால் தணியும்தான். ஆனால் புதியது போடாமல் விட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகி எரிபொருள் கூடும், பாதி அடைத்த ரேடியேட்டரும் கண்ணில் படாமல் போகும்.

எப்போது சூடேறுகிறது என்பதே நோயறியும் முதல் வழி. நிற்கும்போது மட்டும் என்றால் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை வேகத்தில் என்றால் உள்ளே பொருக்கு, வெளியே தூசியடைத்த தகடுகள், அல்லது வாட்டர் பம்ப். கசிவே தெரியாமல் நீர் குறைந்து வெண்புகையும் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பொருக்கென்று உறுதியானால் உட்புறத்தைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் ஊற்றுவதே சிகிச்சை.

நடுவழியில் அந்த நீருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர், திறந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வேறு வழியில்லையென்றால் போர் தண்ணீரையே ஊற்றி ஒர்க் ஷாப் வரை ஓட்டலாம். அங்கே அது முழுவதையும் வடித்துவிட வேண்டும்.