நாற்பத்தைந்து வயதில் உடுத்தவை

எமது சமூகம் உடுத்த உடுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் திகதியிட்ட வரலாறு இருக்கிறது. அது ஆண்களின் துருக்கித் தொப்பி. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தை எமது அரசியல் விழிப்பின் தொடக்கங்களுள் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறோம். இருபது ஆண்டுகளின் பின், 1925இல், துருக்கியே அந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

அதே 1905இல் அந்த வீடுகளின் பெண்கள் என்ன உடுத்தார்கள், காலுக்கு எதைப் போட்டார்கள், எது அவர்களுக்குச் சுகமாக இருந்தது, எதைத் தாங்களாக விரும்பி எடுத்தார்கள் என்று தேடினால் கையில் அகப்படுவது மிகக் குறைவு.

நானும் இந்தக் குற்றத்தில் பங்காளிதான். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் ஊர் வரலாறு எழுதும் ஒப்படை ஒன்று தந்தார்கள். பள்ளிவாசல், மரைக்கார்மார், பொதுக்கிணறு, வயல் எல்லை என்று நாற்பது பக்கம் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. உம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள பொம்பளையள் ஒருத்தரையும் காணல்லயே மகன்” என்றார். நான் சிரித்துவிட்டு ஒப்படையை வாங்கிக்கொண்டேன்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, கல்முனையில் ஒரு செருப்புக் கடையில் வைத்து அந்தக் கேள்வி திரும்பி வந்தது. என் மனைவியும் ஆசிரியை. வயது 45. சில மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலி. வைத்தியர் செருப்பை மாற்றச் சொன்னார். கடைக்காரர் முதலில் கூர்மூக்குச் செருப்பொன்றைக் காட்டினார். பிறகு அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதை உள்ளே வைத்து, கறுப்பில் தட்டையான ஒன்றை எடுத்து, “டீச்சர்ட வயசுக்கு இதுதான் சரி” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பணப்பை என் கையில் இருந்தது. “அதையே எடு” என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவள் வாய் திறந்தாள். “செருப்பு என்ட காலுக்குத்தானே. நீங்களும் கடைக்காரரும் ஏன் என்ட வயசுக்கு எடுக்கிறீங்க?”

அந்தக் கேள்வியோடுதான் மூத்தம்மாவின் பெட்டகத்தைத் திறந்தேன். என் குடும்பத்தில் மூன்று பெண்கள் நாற்பத்தைந்து வயதில் என்ன உடுத்தார்கள் என்பதைத் தேடி எழுதியதே இக்கட்டுரை. ஒரு குடும்பத்தின் கதைதான். ஆனால் கிழக்கின் கரையோர ஊர்களில் பல வீடுகளின் கதையும் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

1973: தறிச் சேலை

மூத்தம்மாவுக்கு 45 வயதானது 1973இல். வெளிநாட்டுத் துணி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. துணிக்காக வரிசையில் நின்ற கதைகளை அவர் சாகும்வரை சொன்னார். ஆனால் அந்தத் தட்டுப்பாடே எமது பகுதிக்கு ஒரு வாழ்வையும் தந்தது. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் கைத்தறிகள் ஓய்வின்றி ஓடின. ஆண்கள் தறியில் இருக்க, பெண்கள் வீட்டுத் திண்ணையில் நூல் சுற்றினார்கள். சாரமும் சேலையும் அங்கிருந்து நாடெங்கும் போயின.

பெட்டகத்தில் அத்தகைய பருத்திச் சேலைகள் இரண்டு இருந்தன. ஒன்று கத்தரிப்பூ நிறம், மற்றது பச்சைக் கரை போட்டது. இரண்டும் கழுவிக் கழுவி மெத்தென்று ஆகியிருந்தன. மூத்தம்மா நடுவயதில் நிறத்தைத் துறந்தவர் அல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் நினைவில் அவர் வெள்ளைச் சேலையோடு மட்டுமே இருந்தார். நான் கண்டது மூத்தப்பா மௌத்தான பிறகு உள்ள மூத்தம்மாவை.

வெளியே போகும்போது அதே சேலையின் முந்தானைதான் முக்காடு. தனியாக ஒரு துணி இல்லை. காலுக்கு, வுழூச் செய்யும் இடத்தில் மரத்தாலான மிதியடி. மற்ற நேரமெல்லாம் வெறுங்கால். ஊர் முழுக்க மணல் ஒழுங்கை என்பதால் அந்தக் கால்கள் விரல் விரிந்து நிலத்தைப் பிடித்து நடந்தன. கல்யாணத்துக்குப் போனால் மட்டும் தோற்செருப்பு. அதையும் பாதி வழியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம்.

அவர் உடுத்தது சுகமான உடுப்பு. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த உடுப்பு என்று சொல்வதற்கில்லை. தறி கொடுத்ததை மூத்தப்பா வாங்கினார், மூத்தம்மா உடுத்தார்.

2000: ஹபாயா

1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. செயற்கை இழைச் சேலைகள் மலிவாக வந்து குவிந்தன. கசங்காது, கழுவினால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம். பெண்களுக்கு அது பெரிய விடுதலையாகவே இருந்தது. தறிகளோ ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சேலையின் குறையை உடம்புதான் சொன்னது. பருத்தி, காற்றின் ஈரத்தில் தன் எடையின் நூற்றுக்கு 7, 8 பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் அரைப் பங்கு அளவில்தான் வாங்கும். சித்திரை வெயிலில் அந்த வித்தியாசம் வியர்வையாகவும் வேர்க்குருவாகவும் தெரிந்தது.

அதே காலத்தில் எமது பெண்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் ஹபாயாவைக் கொண்டு வந்தவர் சாச்சி. எண்பதுகளின் இறுதியில் அது பெட்டியில் வந்தது. உம்மா அதை எட்டு வருடம் தொடவில்லை. 2000இல், அவரது 45ஆவது வயதில், ஹபாயா இல்லாமல் அவர் வெளியே போனதை நான் கண்டதில்லை.

இந்த மாற்றத்தை மார்க்கப் பிரசாரத்தின் விளைவு என்று மட்டும் எழுதுவோரும், அடையாள அரசியல் என்று மட்டும் எழுதுவோரும் இருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உம்மாவிடம் கேட்டால் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். வீட்டில் நின்ற உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு உடனே புறப்படலாம். உள்ளே இருப்பது கிழிந்ததா, பழையதா என்று யாருக்கும் தெரியாது. ஆறு யார்ச் சேலையைக் கொசுவித்து, ஊசி குத்தி, முந்தானை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பத் தயங்கிய வாப்பாமார் சிலர் ஹபாயாவைக் கண்டு சம்மதித்ததையும் நான் அறிவேன். குறை, அது பெரும்பாலும் கறுப்புப் பொலியெஸ்டராக இருந்ததும், நிலம் தொட இருந்ததும்.

காலிலும் மாற்றம் வந்தது. மணல் ஒழுங்கைகள் கொங்கிரீட் ஆயின. வீட்டுத் தரை சீமெந்தாகி, பின் டைல்ஸ் ஆனது. மெல்லிய இறப்பர்ச் செருப்பு எல்லோர் காலுக்கும் வந்தது. ஒரு கம்பனியின் பெயரான பாட்டா என்பதே இறப்பர்ச் செருப்புக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. கல்லில் நடக்கும் காலுக்கு அந்த மெல்லிய இறப்பர் போதாது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

2004: கடல் கேட்ட கேள்வி

2004 டிசம்பர் 26 காலை உம்மா முற்றத்தில் நின்றார். கடல் வருகிறது என்று சத்தம் கேட்டதும் ஹபாயாவை மாட்டிக்கொண்டுதான் ஓடினார். நனைந்த துணி இரு கால்களையும் சுற்றிப் பிடித்தது. செருப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு வாலிபன் ஒருவன் இழுத்து மதிலில் ஏற்றியதால் தப்பினார். எமது கரையில் அன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மௌத்தானார்கள். நீந்தத் தெரியாமை, மரம் ஏறத் தெரியாமை, கையில் பிள்ளைகள் என்று காரணங்கள் பல. நீண்ட உடுப்பும் அவற்றுள் ஒன்று என்று தப்பிய பெண்கள் சொன்னார்கள்.

பிறகு பாடசாலையில் தங்கியிருந்தபோது நிவாரண உடுப்பு குவியலாக வந்தது. குளிர்நாட்டுக் கோட்டும், குதி உயர்ந்த ஒற்றைச் செருப்பும் அதற்குள் கிடந்தன. தலைக்குப் போட ஒரு துணி தேடி உம்மா அரை நாள் அந்தக் குவியலைக் கிளறினார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட சகோதரிகளின் நிலை அன்றுதான் தனக்கு விளங்கியது என்று பின்னர் சொன்னார்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், புதிதாகக் கிடைத்த ஹபாயாவைக் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் குறைத்து, இரு பக்கமும் திறப்பு வைத்து, உள்ளே நீளக் காற்சட்டை தைத்துக்கொண்டது. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். “ஓட ஏலாத உடுப்பு உடுப்பில்ல” என்று மட்டும் பதில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் உடுப்பைத் தானே தீர்மானித்த முதல் சம்பவம் இது. அப்போது அவருக்கு வயது 49.

2019 முதல் இன்று வரை

மனைவியின் நடுவயது வேறு விதமாக வந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின், 29ஆம் திகதி முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. அவள் முகம் மூடுபவள் அல்ல. ஆனால் கறுப்பு ஹபாயாவே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அவ்வாண்டில் அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பின் பின் திருத்தப்பட்டது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது துணி விலையும் ஏறியது. அவ்வாண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை தவிர்த்து வேறு உடுப்பில் பாடசாலைக்குப் போக, நாடெங்கும் வாதம் கிளம்பியது. சந்தை, அரசு, பள்ளிவாசல், ஊர், கணவன் என எல்லோருக்கும் பெண்ணின் உடுப்புப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அதை உடுத்துக்கொண்டு ஆறு பாடவேளை சீமெந்துத் தரையில் நிற்பவளிடம் கேட்டவர் இல்லை. நானும் கேட்கவில்லை. “இந்த வயசில என்ன கலர்” என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

ஆடையை மறைப்பு என்றும் அலங்காரம் என்றும் சேர்த்தே திருக்குர்ஆன் (7:26) சொல்கிறது. அலங்காரத்துக்கு வயதெல்லை எதுவும் அங்கே இல்லை. அந்த எல்லையைப் போட்டவர்கள் நாங்கள்.

பெண்களும் வைத்தியரும் சொல்லக் கேட்டு நான் கற்றவை சில. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உடலில் திடீரென்று வெப்பம் ஏறும். அதற்குப் பருத்தியே உகந்தது. அக்குள் இறுக்காத வெட்டும், எளிதில் கழற்றக்கூடிய மேலாடையும் வேண்டும். பிள்ளைப்பேறும் வயதும் பாதத்தை நீளவும் அகலவும் செய்கின்றன. கல்யாணத்தில் போட்ட அளவையே ஆயுள் முழுக்கக் கேட்பது தவறு. செருப்பைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்க வேண்டும். பெரிய காலுக்குப் பொருந்த வேண்டும், விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். விரல் மடியும் இடத்தில்தான் செருப்பும் மடிய வேண்டும், நடுவில் அல்ல. குதியைப் பிடிக்கும் பின்வார் நல்லது. மனைவிக்கு வந்த குதிவலி நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் பலருக்கு வருவது. அதற்குத் தடித்த, குதி சற்று உயர்ந்த அடி உதவும்.

அந்தக் கறுப்புச் செருப்பை மாற்றிக்கொண்டு வர மறுநாள் மாலை போனோம். போகுமுன் வீட்டில் இரண்டு வெள்ளைத் தாளை நிலத்தில் வைத்து அவளை நிற்கச் சொல்லி, பென்சிலால் பாதங்களைச் சுற்றி வரைந்தேன். கல்யாணத்திலிருந்து அவள் வாங்கியதெல்லாம் 6ஆம் அளவு. தாளில் வலது கால் 7ஐத் தொட்டது. இருபது வருடங்களாக அவள் ஓர் அளவு குறைந்த செருப்பில் நடந்திருக்கிறாள்.

இம்முறை பணப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. கபில நிறத்தில் பின்வார் வைத்த ஒன்றோடு வந்தாள். திரும்பும் வழியில் மருதமுனையில் இறங்கி, இன்னும் ஓடும் தறிகளின் துணியில் கத்தரிப்பூ நிறமாக மூன்றரை யார் எடுத்தாள். பையும் வைத்துத் தைப்பிக்கப் போகிறாளாம். மூத்தம்மாவின் சேலை நிறத்தை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கால் வரைந்த தாள்களில் திகதி போட்டிருக்கிறேன். கலாசாலையில் எழுதிய ஊர் வரலாற்றின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் அவற்றைச் சேர்த்துவைத்திருக்கிறேன். உம்மாவுக்கு இப்போது வயது 70. இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, ஹபாயாவைக் குறைத்தது நான்கு விரல் அல்ல, ஐந்து விரல் என்று திருத்தினார்.