விடுதி அறைகள் வீடுகளான கதை

போன மாதம் நண்பர் ஒருவர் யோசனை கேட்டு வந்தார். அவர் தகப்பனார் காலத்து மாடி வீட்டில் பன்னிரண்டு அறைகள். தனி ஆட்களுக்கு மாத வாடகைக்கு விட்டு வருகிறார். குளியலறை, கழிப்பறை எல்லாம் பொது. "உள்ளே சுவர்களை எடுத்து நாலு ஃபிளாட் ஆக்கினால் வாடகை இரண்டு மடங்கு வரும் என்கிறார் மேஸ்திரி. நீங்கள் ஃபைல் பார்த்தவர், சொல்லுங்கள் சார்" என்றார்.

கணக்கைப் பார்த்தேன். பிழை இல்லை. ஆனால் இதே கணக்கை ஒரு பெரிய நகரமே போட்டுப் பார்த்த சரித்திரம் உண்டு. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என் பள்ளிக்கூட நினைவு ஒன்று. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பால்சாக்கின் 'கோரியோ கிழவர்' மறக்காது. 1835இல் புத்தகமாக வந்தது. பாரீசில் மதாம் வோக்கே என்ற அம்மாள் சாப்பாட்டோடு அறை கொடுக்கும் விடுதி நடத்துகிறாள். சேமியா வியாபாரம் செய்து ஓய்ந்த கோரியோ அங்கே வரும்போது முதல் மாடியில் வருடத்துக்கு 1,200 பிராங்க் கொடுக்கிறார். பெண்களுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை வறண்டதும் இரண்டாம் மாடிக்குப் போகிறார், 900 பிராங்க். பிறகு மூன்றாம் மாடி, மாதம் 45 பிராங்க். வகுப்பில் கிழவருக்காக அழுதோம். இப்போது நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. வாழ்க்கையில் இறங்கின மனிதருக்கு அந்த வீட்டில் இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. தெருவுக்குப் போகவில்லை.

இனி நான் சொன்ன நகரம், நியூயார்க். 1930களின் பஞ்ச காலத்திலும் யுத்த காலத்திலும் அங்கே வசதியானவர்களின் பழைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு அறை, குளியலறை பொது. நெரிசல், சுகாதாரக் கேடு என்று புகார் வந்தது. புகாரில் நியாயமும் இருந்தது. 1955இல் மாநகராட்சி இப்படிப் புதிய அறைகள் உண்டாக்குவதைத் தடை செய்தது. பழைய கட்டடங்களைச் சீர்திருத்துகிறவர்களுக்கு ஜே-51 என்ற வரிச் சலுகையும் கொடுத்தது. 1970களின் நடுவில் அந்தச் சலுகை, அறை விடுதிகளை அடுக்கு வீடுகளாக மாற்றுகிறவர்களுக்கும் கிடைத்தது.

பிறகு கேட்க வேண்டுமா? முதலீட்டுக்காரர்கள் விடுதிகளை வாங்கினார்கள். குடியிருப்பவர்களைக் கிளப்பினால்தானே வேலை ஆரம்பிக்கலாம்? குளிர்காலத்தில் வெப்பத்தை நிறுத்துவது, மிரட்டுவது என்று சிலர் இறங்கினார்கள். அரசு மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பிக் கொண்டிருந்த காலமும் அதுதான். அவர்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய அறைகளே மறைந்தன. தெருவில் படுப்பவர்கள் பெருகினார்கள். வழக்கு நடந்து, வீடற்ற ஆண்களுக்குப் படுக்கை தருவதாக 1981இல் மாநகராட்சி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒரு கையால் அறையை ஒழிக்கச் சலுகை, மறு கையால் படுக்கைக்குச் செலவு!

அப்புறம்தான் விழித்துக் கொண்டார்கள். யாரையும் துன்புறுத்தி வெளியேற்றவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் மாற்றிக் கட்டக் கூடாது என்று 1983இல் சட்டம். 1985இல் மாற்றுவதற்கே தடை. 1987இல் காலி அறைகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டே ஆக வேண்டும், விலக்கு வேண்டுமானால் அறைக்கு 45,000 டாலர் கட்டலாம் என்றது சட்டம். உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நஷ்ட ஈடு இல்லாமல் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று 1989இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதுவும் நியாயம்தான். ஊரின் குற்றத்துக்கு ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? ஆனால் போன அறைகள் போனவைதான்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. நான் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனபோது இப்படி ஓர் அறையில்தான் இருந்தேன். அந்தக் குறைந்த வாடகையால்தான் வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்ப முடிந்தது. அதையும் சொன்னேன்.

"கீழே மூணாம் நம்பர் அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார் சார். மில்லில் வேலை பார்த்தவர், யாரும் இல்லை. நாலு ஃபிளாட்டில் எதிலும் அவரால் இருக்க முடியாது" என்றார் நண்பர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொத்து அவருடையது, வங்கிக் கடனும் அவர் பெயரில்தான் வரும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், "மாடியை மட்டும் இரண்டு ஃபிளாட் ஆக்கினால் எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.