விடை தெரிந்த கணக்கு: துளையட்டைக் காலத்து நிரல் பயிற்சிகள்

கொல்கத்தாவின் தெற்குப் புறநகர் இரயில் பாதையில் டாக்குரியாவுக்கு அடுத்த நிலையம் யாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய டிரான்சிஸ்டர் கணினியான ஐஎஸ்ஐஜேயு-1, 1966இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்நிறுவனம் இங்கிலாந்திலிருந்து எச்இசி-2எம் கணினியை வரவழைத்திருந்தது. நம் கணினி வரலாறு பெரும்பாலும் இவ்வாறு இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. நிரல் எழுதக் கற்க வந்த மாணவருக்கு முதலில் என்ன கணக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

அக்கேள்வியைக் கான்பூரிலிருந்து தொடங்கலாம். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இல் ஐபிஎம் 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கு நிரலாக்கம் கற்பித்தார். 1969இல் நிரலாக்கத்துக்கென ஒரு பாடநூலும் வெளியிட்டார். கணினி அரிதாயிருந்த நாட்டில், இயந்திரத்தைக் காணாதவர்களும் படிக்க வேண்டியிருந்த பாடம் அது.

போர்ட்ரான் கட்டளை ஒவ்வொன்றும் 80 பத்திகள் கொண்ட துளையட்டையில் 7 முதல் 72 வரையிலான பத்திகளுக்குள் அமைய வேண்டும். அட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டுப் பல மணி நேரம், சில வேளை மறுநாள்வரை, காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் அந்தக் காத்திருப்பு வீண். இத்தகைய பிழையை மொழிமாற்றி நிரலே சுட்டிவிடும்.

இயந்திரம் சுட்டாத பிழையே பயிற்சி அமைப்போருக்கு உண்மையான சவால். போர்ட்ரானில் தனியாக அறிவிக்காவிடில், ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் முழு எண்களாகவே கொள்ளப்படும். எட்டும் ஒன்பதும் பெற்ற மாணவரின் சராசரி 8.5, கூட்டுத்தொகையை முழு எண் மாறியில் வைத்து இரண்டால் வகுத்தால் கணினி தயங்காமல் 8 என அச்சிடும். எச்சரிக்கை எதுவும் வராது. விடையை முன்னரே தாளில் கண்டவருக்கே தவறு புலப்படும்.

எனவே இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி, இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் போன்ற, கையால் சரிபார்க்கக்கூடிய சிறு கணக்குகளே தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை. ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளின் மதிப்பை அட்டவணையாக எழுதிப் பார்ப்பதே பயிற்சியின் பாதி. அதற்கு இயந்திரம் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும்.

இன்று விடை நொடியில் திரையில் தோன்றுகிறது. காத்திருப்பு மறைந்தது நன்மையே. ஆயினும் அந்த 8 தவறு என்பதை அறியும் பொறுப்பு இன்னும் மாணவரிடமே உள்ளது. அதைக் கற்பிக்காத பயிற்சித் தாள், இயந்திரம் எத்துணை விரைவாயினும், முழுமையானதன்று.