எலும்பும் ஊசியும்: படவழி பயாப்ஸியின் பாதுகாப்பும் பயனும்

1. ஏரவாடாவிலிருந்து சசூனுக்கு

1924 ஜனவரியில் ஏரவாடா சிறையில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. ஆற்றுக்கு அக்கரையில் புணேயின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 12-ஆம் தேதி இரவு கர்னல் மேடாக் அறுவை செய்யும்போது மின்சாரம் போய்விட, லாந்தர் வெளிச்சத்தில் வேலையை முடித்தார். கத்தி வைக்கும் முன் காந்தி சொல்லச் சொல்ல ஒப்புதல் கடிதம் எழுதியவர் நம் வலங்கைமான் வி.எஸ்.ஸ்ரீநிவாச சாஸ்திரி.

இன்று ஏரவாடாவில் மாதக்கணக்காக முதுகுவலியோடு இருக்கும் ஒருவருக்கு முதலில் வேண்டியது கத்தி அல்ல, நோயின் பெயர். எம்.ஆர்.ஐ. படத்தில் முதுகெலும்பு அரிக்கப்பட்டிருப்பது தெரியும். காரணம் காசநோயா, வேறு கிருமியா, மைலோமாவா, பிற உறுப்பிலிருந்து பரவிய புற்றா? காசநோய் பெரும்பாலும் இடைவட்டையும் சேர்த்து அழிக்கும்; பரவிய புற்று பெரும்பாலும் அதை விட்டுவைக்கும். ஆனால் இரண்டுக்கும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்தபடி ஊசியால் திசுவைக் கொஞ்சம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதுதான் படவழி பயாப்ஸி.

2. செய்முறை

முதுகெலும்புக்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, சி.டி. படம் பார்த்துத் தோலில் குறி வைக்கிறார்கள். தோலோடு எலும்பின் மேலுறையையும் நன்றாக மரக்கச் செய்ய வேண்டும். வலி அதிகம் தெரியும் இடம் அதுதான். பிறகு ஊசியைச் சில மில்லிமீட்டர் செலுத்துவது, படம் எடுப்பது, மறுபடி செலுத்துவது. முதுகெலும்பின் உள்ளே போக, ஒருபுறத்து எலும்புக் காம்பு (பெடிக்கிள்) வழியே நுழைவதே வழக்கம். தண்டுவடமும் ரத்தக்குழாய்களும் ஒதுங்கியே இருக்கும்.

3. பாதுகாப்பு

ரத்தக்கசிவு, நரம்புக் காயம், மார்புப் பகுதியில் நுரையீரல் துளைபடுதல், கிருமித்தொற்று ஆகியவையே ஆபத்துகள். தேர்ந்த கையில் பெரிய சிக்கல்கள் அரிது. ரத்தத் தட்டணுக்கள் 50,000-க்கு மேல் இருக்கின்றனவா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முன்பே பார்த்தால் பாதிக் கவலை தீரும்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது, அதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. எலும்பிலேயே தோன்றும் சார்கோமாவில் ஊசி போன பாதையில் புற்றணுக்கள் படியலாம். அந்தப் பாதையையும் பிற்பாடு கட்டியோடு வெட்டி எடுக்கும்படி, அறுவை செய்யப்போகிறவரைக் கேட்டே நுழையும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் மேன்கின் குழு 597 நோயாளிகளின் பயாப்ஸியை ஆராய்ந்தது. சிகிச்சை தரப்போகும் மையத்துக்கு வெளியே செய்தபோது தவறுகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு கூடின; 18 பேர் தேவையில்லாமல் கையையோ காலையோ இழந்தார்கள். ‘ஊசி போட்டால் புற்று பரவும்’ என்று ஊரில் சொல்வது பொதுவாகத் தவறுதான். ஆனால் ‘யார் போட்டால் என்ன, எங்கே போட்டால் என்ன’ என்பது அதைவிடப் பெரிய தவறு.

4. பயன்

பரவிய புற்றில் ஊசி பெரும்பாலும் விடை தந்துவிடும். இறுகிக் கெட்டியான எலும்பிலும் லிம்போமாவிலும் அது தடுமாறும். கிருமித்தொற்றில் நிலைமை இன்னும் மோசம். வளர்ப்புச் சோதனையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே கிருமி பிடிபடுகிறது, ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் அதுவும் குறையும்.

நம் நாட்டில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் புட்டி. எடுத்த துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், நோய்க்கூற்று மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் கிருமிகள் செத்துவிடும், வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை. ஒரு பகுதி கிருமிநீக்கிய சலைன் புட்டிக்குப் போக வேண்டும். அதிலிருந்து செய்யும் சிபிநாட் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் காசநோய்க் கிருமி உண்டா, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்று சொல்லிவிடும். மருந்துக்கு மசியாத காசநோய் பரவலாக இருக்கும் நாட்டில், படத்தை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

5. விடை வராதபோது

‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையும் ‘போதிய திசு இல்லை’ என்ற அறிக்கையும் ஒன்றல்ல. பல வீடுகளில் இரண்டையும் ஒரே நிம்மதியோடு படிக்கிறார்கள். படமும் நோய்க்கூற்று முடிவும் ஒத்துவராவிட்டால் கதிரியக்க மருத்துவர், எலும்பு மருத்துவர், நோய்க்கூற்று மருத்துவர் மூவரும் சேர்ந்து பேச வேண்டும். இரண்டாம் முறை ஊசி போடுவதா, திறந்து எடுப்பதா என்பதை அப்போதுதான் முடிவு செய்ய முடியும். அந்த இரண்டாம் முறைக்கான வாய்ப்பையும் முதல் ஒப்புதல் படிவத்திலேயே நோயாளிக்குச் சொல்லிவைப்பது நல்லது.