இரத்தோட்டைச் சரிவுகளும் கோடைக்குச் சேமித்த ஈரமும்

இலங்கையில் வரட்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை வன்னியும் அநுராதபுரமும்தான். மலையகம் என்றால் மழையும் குளிரும் பசுமையும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இந்தப் பொதுக் கணக்கில் அடங்காத ஊர் இரத்தோட்டை. மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அது அமைந்துள்ளது. ஈரவலயமும் உலர்வலயமும் ஒன்றையொன்று தொடும் இடைநிலை நாடு இது.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மாசி, பங்குனியில் வெயில் கடுமையாகிறது. பெய்த மழையோ சரிவில் தங்குவதில்லை. ஆகவே இங்கு தோட்டத்தைப் பராமரிப்பது கோடையில் நீர் ஊற்றும் வேலையன்று. மாரியில் பெய்ததை மண்ணுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் வேலை.

கண்டிநாட்டுக் கிராமத்தவர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். தென்னை, கமுகு, பலா மேலே. அவற்றின் நிழலில் சாதிக்காய், கோப்பி. மரத்தைப் பற்றி மிளகுக்கொடி. தரையில் இஞ்சியும் மஞ்சளும். உதிர்ந்த சருகு கிடந்த இடத்திலேயே மக்கும். வெயில் நேராக மண்ணைத் தொடுவதில்லை. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று இன்று ஆய்வாளர்கள் போற்றுவது இதனைத்தான்.

பிரித்தானியர் கொண்டுவந்த கோப்பிப் பெருந்தோட்டம் இதற்கு நேர்மாறானது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொள்ள 1840 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் வழிசெய்தது. காடு வெட்டி எரிக்கப்பட்டது. ஒரு புல்லும் தலைகாட்டாதபடி மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல துரைக்கு இலக்கணம் எனக் கருதப்பட்டது. பார்வைக்குச் சுத்தம், ஆனால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. சரிவுகளில் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் ஏறின. சுரண்டும் வழக்கமோ எளிதில் போகவில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல்தான் வந்தது.

மண்ணைச் சுரண்டிய கைகளும், பின்னர் அதைக் காத்த கைகளும் தமிழருடையவை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கடலைத் தாண்டி மன்னார்ப் பகுதியில் இறங்கி, உலர்காட்டின் ஊடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். மழையை எதிர்பார்த்து, ஏரி நீரைப் பங்கிட்டு வாழ்ந்த மண்ணின் பிள்ளைகளுக்கு நீரின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தோட்டத் தொழிலின் சொற்களைக் கவனியுங்கள். மழைக்கு முன் கான் வெட்டுதல். சரிவுக்குக் குறுக்கே ஓடும் அந்தக் கானில் வெள்ளம் வேகம் தணிந்து, மண்ணை இறக்கிவிட்டுப் போகும். முள்ளுக்குத்து இறுகிய நிலத்தை இளக்கி, நீரை உள்ளே விடும். கவ்வாத்து வெட்டிய கிளைகளைச் செடியடியில் பரப்பினால் அவை போர்வையாகும். மிளகுக்குத் தாங்கியாக நிற்கும் கிளிரிசீடியாவை மழை தொடங்கும்போது கழித்து, தழையை நிலத்தில் இடுவார்கள். கோடை வருமுன் அது மீண்டும் தழைத்து நிழல் தரும். இவற்றில் எந்த வேலையும் அன்றே பலன் தருவதன்று. இந்த மாரியில் செய்தது அடுத்த கோடையில்தான் தெரியும்.

இங்கேதான் வரலாற்றின் முள் தைக்கிறது. அடுத்த கோடையிலும் அதே இடத்தில் இருப்போம் என்ற உறுதி அந்த மக்களுக்கு இருந்ததா? 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் கணக்கிட்டது. 1970களில் காணிச் சீர்திருத்தம் வந்தபோதும் லயத்து மனிதனுக்கு நிலம் கிட்டவில்லை.

லயத்தின் முன்னும் பின்னும் கிடைத்த துண்டு நிலத்தில் அவர்கள் வைத்தவற்றைப் பாருங்கள்: கீரை, அவரை, மிளகாய். பாத்திரம் கழுவிய நீரில் பிழைக்கும் ஒரு கறிவேப்பிலை. குச்சி நட்டால் வளரும் முருங்கை. சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் பயன் தருபவையே பெரும்பாலும். பலா காய்க்கக் காத்திருக்க வேண்டிய ஆண்டுகளை, எப்போது எழுப்பப்படுவோம் என்று அறியாதவன் எந்தத் துணிவில் எண்ணுவான்? அது அறியாமை என்றோ சோம்பல் என்றோ எழுதியவர்கள் உண்டு. என் கருத்தில், அது உரிமையின்மையின் வேளாண்மை.

2015 க்குப் பின்னர் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. சுமார் 1,900 சதுர அடிதான். வீடு போக மிஞ்சுவது சிறு முற்றம். ஆயினும் அம்முற்றத்தில் ஒருவர் பலாக்கன்று நட்டு, அதன் அடியில் சருகு பரப்பினால், அதை வெறும் தோட்டவேலை என்று நான் கொள்ளமாட்டேன். பிறர் மண்ணுக்காகத் தலைமுறைகளாக ஈரம் காத்தவர் தம் மண்ணுக்காகக் காக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. காணி உறுதி இன்னும் கைக்கு வராத ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தத் தொடக்கம் உரித்தானது.